கலைமானின் நாட்காட்டி

மானைப் பற்றி நம் மொழி நிறையவே பேசியிருக்கிறது. ஆணுக்குக் கலை என்றும் பெண்ணுக்குப் பிணை என்றும் தனித்தனியே பெயரிட்டிருக்கிறது. மருட்சியும் துள்ளலும் கொம்பும் கவிதைக்குள் வந்துவிட்டன. ஆனால் அந்தக் கொம்பை வளர்த்து உதிர்க்கும் விந்தகத்தைப் பற்றிப் பேச நாம் கூசுகிறோம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில் ஒருமுறை புள்ளிமான் கூட்டமொன்றைக் கண்டோம். அதில் மூன்று கலைகள். ஒன்றின் கொம்பு முற்றிக் கூர்மையாக இருந்தது. இன்னொன்றினுடையது மென்மயிர்த் தோல் போர்த்து வளர்ந்துகொண்டிருந்தது. மூன்றாவதன் தலை மொட்டையாக இருந்தது. ஒரே காடு, ஒரே மழை, ஒரே புல். பிறகு ஏன் மூன்று பருவங்கள்?

விடை நுண்ணோக்கியின் கீழ் இருக்கிறது. மானின் விந்தகத்தை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றினால், வெட்டுண்ட குழல்கள் வட்ட வட்டமாக நெருங்கித் தெரியும். குழலின் விளிம்பில் மூலச் செல்களும், அவற்றினின்று தோன்றுவனவற்றை ஊட்டி வளர்க்கும் செர்டோலி செல்களும் உள்ளன. நடுவில் வால் முளைத்த விந்தணுக்கள். குழல்களுக்கு இடைப்பட்ட சந்துகளில் சிறு கொத்துகளாக லீடிக் செல்கள். 1850இல் ஃபிரான்ஸ் லீடிக் விவரித்த இச்செல்களே டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பவை. அது உயர்ந்தால் கொம்பு முற்றித் தோல் உரியும்; தாழ்ந்தால் கொம்பு உதிரும். நாம் வியக்கும் கிளைக்கொம்பு, கண்ணுக்குத் தெரியாத இச்செல்களின் ஏற்ற இறக்கத்தைத் தலைமேல் எழுதிக் காட்டும் எழுத்துதான்.

ஐரோப்பாவின் ரோ மானுக்குப் பகற்பொழுதே நாட்காட்டி. பெர்லினில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் ஏறத்தாழ ஒன்பது மணி நேர வேறுபாடு. அங்கே கோடையில் விரிந்து நிற்கும் குழல்கள் குளிர்காலத்தில் சுருங்கி, விந்தணு உற்பத்தி நின்றுபோகும். எல்லாக் கலைகளுக்கும் ஒருசேர. கல்வராயன் மலையில் அவ்வேறுபாடு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. புள்ளிமான் கலைகள் ஒவ்வொன்றும் தத்தம் சுழற்சியிலேயே இயங்குவதை லவுடன், கர்லெவிஸ் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே எந்த மாதத்தில் பிணை பருவம் கொண்டாலும், ஆயத்தமான கலை ஒன்று கூட்டத்தில் இருக்கும்.

ஆனால் இது கூட்டம் பெரிதாக இருக்கும்வரைதான். துண்டு துண்டான காடுகளில் நாய்க்கடியிலும் வண்டியிலும் கலைகள் சாகின்றன. சிறு கூட்டத்தில் ஒரு கலை மடிந்தால், எண்ணிக்கையில் ஒன்று குறைவதோடு ஆண்டின் சில மாதங்களும் துணையின்றி வெறுமையாகக் கூடும் என்று நாங்கள் அஞ்சுகிறோம்.

2006இல் ஹைதராபாத்தின் லாகோன்ஸ் ஆய்வகத்தில் செயற்கைக் கருவூட்டலால் புள்ளிமான் குட்டியொன்று பிறந்தது. விந்தணுவை எடுக்கவும் உறைய வைக்கவும் நாம் கற்றுவிட்டோம். எனினும் செத்த மானின் விந்தகம் நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கிவிடுகிறது. அதற்குள் கடுகளவு திசுவைப் பதப்படுத்தி வைத்தால், அக்காட்டின் கலைகள் எந்நிலையில் வாழ்கின்றன என்பதற்கு ஒரு சான்று கிட்டும். வைக்காவிட்டால் கொம்போடு சேர்ந்து அதுவும் மண்ணுக்குள் போகும்.