கத்தியில் 8 கிராம் கூடுதல், மிளகில் 150 கிராம் குறைவு!

ஒரு பேனாக்கத்தி எத்தனை கிராம் என்று யாராவது கவலைப்படுவார்களா? படுவார்கள். ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, காலையிலிருந்து சாயங்காலம் வரை மிளகு பறிப்பவர்கள் படுவார்கள். இடுப்பில் தொங்கும் எதுவாக இருந்தாலும் மதியத்துக்கு மேல் அதன் கனம் தெரிய ஆரம்பித்துவிடும் என்பார் என் சித்தப்பா. கொடைக்கானல் மலையில் பேத்துப்பாறையில் அவருக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் வாழை, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகள். யானை வந்து போனதுபோக மிச்சம் இருப்பதுதான் வருமானம்.

அவருக்கு ஒரு மல்டிடூல் வாங்கிக் கொடுத்தேன். குறடு, கத்தி, சின்ன ரம்பம், திருப்புளி எல்லாம் ஒரே கைப்பிடிக்குள் மடங்கி இருக்குமே, அதுதான். 1975-ல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றிய டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர், கையில் ஒரு குறடு இல்லாமல் பட்ட பாட்டில் யோசித்த பொருள். 1983-ல் விற்பனைக்கு வந்தது. இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. நான் வாங்கியது வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு. பெயர் இங்கே முக்கியமில்லை.

அதன் விவரக் குறிப்பில் எடை 230 கிராம் என்று இருந்தது. சித்தப்பா அட்டைப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, சித்தி கேக்குக்கு மாவு அளக்கும் எலெக்ட்ரானிக் தராசில் வைத்தார். 238.

“இதுல போட்டிருக்கிறதுக்கும் தராசு காட்டுறதுக்கும் எட்டு கிராம் உதைக்குதே பாப்பா. கத்தி தப்பா, தராசு தப்பா?”

நல்ல கேள்வி. செய்தி அறையில் ஒரு பொருளைப் பற்றி எழுதும்போது நீளம், எடை எல்லாம் நிறுவனம் கொடுத்த குறிப்பிலிருந்து எடுப்பதுதான் வழக்கம். தராசில் வைத்துப் பார்த்து யாரும் எழுதுவதில்லை.

முதலில் தராசைச் சோதித்தோம். அதற்கு 10 ரூபாய் நாணயம் போதும். நம் ஊரில் பாதிக் கடைகளில் “செல்லாது” என்று திருப்பிக் கொடுப்பார்களே, அதே நாணயம். எல்லா வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியும் யாரும் கேட்பதாக இல்லை. அதனால் சித்தியிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருந்தது. 2011-லிருந்து வந்த ரூபாய் குறியீடு போட்ட 10 ரூபாய் நாணயத்தின் எடை 7.71 கிராம். 2019-க்குப் பிறகு வந்தது 7.74. முப்பது நாணயங்களை வைத்தால் 231 கிராம் சொச்சம் வர வேண்டும். தராசு 231 காட்டியது. வீட்டில் சமையல் தராசு வைத்திருப்பவர்கள் ஒருமுறை செய்து பாருங்கள். 2011 முதல் 2018 வரை வந்த 5 ரூபாய் நாணயம் இன்னும் வசதி, சரியாக 6 கிராம்.

ஆக, தராசு சரி. கத்தியில்தான் விஷயம்.

பின்பக்கம் பாக்கெட்டில் மாட்ட ஒரு கிளிப் இருந்தது. அதைக் கழற்றினோம். 233. கிளிப் இல்லாத எடையைத்தான் குறிப்பில் போட்டிருக்கிறார்கள். மீதி 3 கிராம்? இந்தப் பொருட்களின் எடை பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கில் அவுன்ஸில் ஒரு தசமத்தோடு சொல்லப்படுகிறது. இதில் 8.1 அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் 28.35 கிராம். 8.1 என்பது 8.05-லிருந்து 8.15 வரை எதுவாகவும் இருக்கலாம். அதாவது அந்தப் பக்கம், இந்தப் பக்கம் 1.4 கிராம். அதைக் கிராமாக மாற்றி 230 என்று எழுதும்போது கிராம் சுத்தமாக அளந்ததுபோல ஒரு தோரணை வந்துவிடுகிறது. லெதர்மேனின் வேவ் பிளஸ் 241 கிராம் என்று இருப்பதும் 8.5 அவுன்ஸைப் பெருக்கி வந்த எண்தான்.

அதற்கு மேல் இருக்கும் ஒன்றரை கிராம் தொழிற்சாலைக் கணக்கு. பத்துப் பதினைந்து எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்யும் பொருளில் ஒவ்வொரு தகடும் முடியளவு கனம் கூடினாலே அவ்வளவு வந்துவிடும். மரக் கைப்பிடி என்றால் சொல்லவே வேண்டாம். பிரான்ஸின் ஒப்பினெல் கத்திகளின் பீச் மரப்பிடி ஈரம் பட்டால் ஊதிக்கொண்டு, மடக்கிய கத்தியைத் திறக்கவே அடம்பிடிக்கும். பேத்துப்பாறை மூடுபனியில் அது எந்த எடையைக் காட்டும் என்று மழையைத்தான் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ஐ ஒட்டி 2011-ல் வந்த பொட்டலப் பொருட்கள் விதிகளில், எடை போட்டு விற்கும் பொருளுக்கு எவ்வளவு குறையலாம் என்று அட்டவணையே இருக்கிறது. 100 கிராம் பாக்கெட்டில் 4.5 கிராம், அரை கிலோவிலும் ஒரு கிலோவிலும் 15 கிராம். கத்தி அப்படியில்லை. அது எண்ணிக்கையில் விற்கும் பொருள். ‘1 எண்ணம்’ என்று போட்டு உள்ளே ஒரு கத்தி இருந்தால் அளவுக் கணக்கு முடிந்தது. 230 என்பது வாங்குபவருக்கு ஒரு விவரம், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் 3 கிராமுக்குச் சண்டை போட வேண்டியதில்லை. கிளிப்பை மட்டும் சொல்லியிருக்கலாம்.

சித்தப்பா அதோடு விடவில்லை. “கத்தி தப்பா, தராசு தப்பா” என்ற கேள்வியை அவர் வேறு இடத்துக்கு எடுத்துப் போனார்.

நூறு கிலோ பச்சை மிளகு பறித்துக் காயவைத்தால் ஏறக்குறைய 33 கிலோதான் கைக்கு வரும். வாங்கும் வியாபாரி வண்டியில் எலெக்ட்ரானிக் தராசோடு மேலே வருவார். சாக்கைத் தராசில் ஏற்றுவார், எண் தெரியும், சிட்டையில் குறிப்பார். இருபது வருடமாக அப்படித்தான். இந்த முறை சித்தப்பா பக்கத்து மளிகைக் கடையிலிருந்து அரசு முத்திரை குத்திய 5 கிலோ இரும்பு எடைக்கல்லை வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் அந்தத் தராசில் வைத்தார்.

4.850.

“மலை ஏறி வந்ததுல தராசு கொஞ்சம் அசைஞ்சிருக்கும்ணே” என்றார் வியாபாரி.

மலை ஏறினால் தராசு மாறுவது உண்மைதான். உயரம் கூடக்கூடப் புவியீர்ப்பு துளி குறையும், எலெக்ட்ரானிக் தராசு அதை உணரும். ஆனால் கொடைக்கானல் நகரத்தின் 2,100 மீட்டர் உயரத்துக்கே போனாலும் 5 கிலோவில் 3 கிராம் போல்தான் வித்தியாசம் வரும். சுவிட்சர்லாந்தில் சரிபார்த்த தராசை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்தால்கூட, நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் 5 கிலோவுக்கு 15 கிராம் வரை குறைத்துக் காட்டும். 150 கிராம் எந்த மலையிலும் குறையாது.

அந்த 150-ஐப் பணமாக மாற்றிப் பாருங்கள். இதே விகிதத்தில் 40 கிலோ சாக்கில் 1 கிலோ 200 கிராம். மிளகு கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு சாக்குக்கு 720 ரூபாய். எத்தனை சாக்கு, எத்தனை வருடம் என்று சித்தி விரல் மடக்க ஆரம்பித்ததும் சித்தப்பா, “விடு, எண்ணாதே” என்றார்.

வியாபாரத்துக்குப் பயன்படும் எலெக்ட்ரானிக் தராசை 12 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். இரும்பு எடைக்கல்லுக்கு 24 மாதம். நம் மாநிலத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லச் சித்தப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தத் தராசில் முத்திரை எங்கே இருக்கிறது என்றும் தேடிப் பார்த்தார், கண்ணில் படவில்லை.

புகார் மட்டும் கொடுக்கவில்லை. மழை மாதங்களில் கையில் காசு இல்லாதபோது முன்பணம் கொடுப்பவரும் அதே வியாபாரிதான். யானை வாழையைச் சாய்த்த வருடம், வட்டி பேசாமல் கொடுத்தவர். எனக்குக் கோபம் வந்தது. “உனக்கென்ன, நீ பஸ் ஏறிப் போயிடுவ” என்றார் சித்தி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று சாக்குகளை மளிகைக் கடைத் தராசில் மறுபடி நிறுத்தார்கள். அந்த எடைக்குத்தான் வியாபாரி பணம் கொடுத்தார், முகம் கொஞ்சம் இறுகித்தான் இருந்தது. அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் எடைக்கல்லை இரவல் கேட்டு வந்திருக்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் இப்போது, யார் எடுத்துப்போகிறார்கள், எப்போது திரும்ப வருகிறது என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதுகிறார்.