'லவ் பஸ்': ஆயிரத்தில் ஒண்டு எங்களுக்கு வேணுமா?

போன மாதம் எங்கட வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நிர்வாணாவின் முதல் சிங்கிள், 'லவ் பஸ்', ஏழு அங்குல இசைத்தட்டு. கேட்ட விலை ஆயிரக்கணக்கான டொலர். எங்களிட்ட இருந்த பொதுக்காசு அதில் காவாசிக்கும் காணாது. மிச்சத்தைக் கடன் வாங்குவம், பிறகு வித்தா லாபம் எண்டு கதை தொடங்கிற்று. ரெண்டு கிழமை இதே சண்டைதான்.

முதலில் அது என்ன சாமான் எண்டு பார்ப்பம். 1988 நவம்பரில் சியாட்டிலின் சப் பொப் நிறுவனம் தன் சிங்கிள்ஸ் கிளப்பின் முதல் வெளியீடாக விட்டது. ஆயிரம் பிரதிகளுக்குக் கையால் இலக்கம் போட்டார்கள். 'லவ் பஸ்' நிர்வாணாவின் சொந்தப் பாட்டும் இல்லை. ஷொக்கிங் புளூ எண்ட டச்சு இசைக்குழு 1969 இல் வெளியிட்டது. மற்றப் பக்கத்தில் 'பிக் சீஸ்', அது அவையின்ரை சொந்தப் பாட்டு.

பாட்டுக்காக வாங்கோணுமா? தேவையில்லை. 'லவ் பஸ்' 1989 இல் வந்த 'பிளீச்' அல்பத்தின் அமெரிக்கப் பதிப்பில் இருக்கு. 'பிக் சீஸ்' அதே அல்பத்தின் 1992 சீடி மறுவெளியீட்டில் சேர்ந்தது. சிங்கிளில் மட்டும் கூடுதலாக இருப்பது, பாட்டுக்கு முன்னால கேர்ட் கோபேன் ஒட்டித் தைச்ச சில விநாடிச் சத்தக் கலவை. அந்தச் சில விநாடிக்கு இந்த விலை கூடத்தான்.

சேகரிப்பாளருக்கு? அவருக்கு அது பெறுமதிதான். உலகப் புகழ் பெற்ற ஒரு இசைக்குழுவின் முதல் அடி அது, பிரதிகளும் குறைவு. ஆனா போலிகளும் உலாவுது. இலக்கத்தை ஆரும் பேனையால எழுதலாம். உறைப் படத்தை மட்டும் நம்பாமல், தட்டின் நடு லேபலுக்குப் பக்கத்தில் கீறியிருக்கிற எழுத்தின்ரை படத்தையும் கேக்கோணும். அதையும் பழகின ஆளிட்டக் காட்டோணும். எங்கட குழுவில் அப்பிடி ஒருத்தரும் இல்லை. கடன்காசில போலி ஒண்டு வந்து சேர்ந்தா, இசைத்தட்டும் இல்லை, சிநேகிதமும் இல்லை.

கடைசியில் எங்களை நிப்பாட்டினது பயம் மட்டுமில்லை. 1988 இல் அந்தக் கிளப்புக்குச் சந்தா கட்டினவர்கள் என்ன பாட்டு வரும் எண்டு தெரியாமலே காசு குடுத்தவை. பேர் தெரியாத மூண்டு நாலு பெடியளை நம்பினவை. அந்தத் தட்டில் நாங்கள் ஆசைப்பட்டது அதுக்குத்தான். அதை இண்டைக்கு எந்த விலைக்கும் வாங்கேலாது.

ஆகவே எங்கட முடிவு: அசல் எண்டு பிரிச்சறியத் தெரிஞ்சு, கைக்காசும் இருந்தா வாங்குங்கோ. கடன் பட்டு வாங்காதேங்கோ. லாபத்துக்கெண்டும் வாங்காதேங்கோ. நாங்கள் 'பிளீச்' மறுபதிப்பு ஒண்டுக்குச் சொல்லியிருக்கிறம். மிச்சக் காசு, ஆரும் இன்னும் கேள்விப்படாத ஒரு இசைக்குழுவின் முதல் வெளியீட்டுக்காக இருக்கு.