ஐஓமெம் கோப்புக்குள் ஒரு சுற்று

எந்தச் சாதனம் எந்த முகவரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு லினக்ஸ் கெர்னல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ப்ராக் கோப்பகத்தில் ஐஓமெம் என்ற பெயரில் அதைப் படிக்கலாம். க்யூஎமு மெய்நிகர் கணினி ஒன்றில் லினக்ஸை ஓடவிட்டுத் திறந்து பார்த்தேன். பெயர்கள் வந்தன, முகவரிகள் எல்லாம் பூஜ்யம். சாதாரணப் பயனருக்கு அவ்வளவுதான். சூடோ போட்டதும் எண்கள் வந்தன.

640 கேபிக்கும் 1 எம்பிக்கும் நடுவே வீடியோ ரோம், சிஸ்டம் ரோம். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் ஏற்பாடு, இன்னும் அப்படியே. அடுத்து சிஸ்டம் ராம். அதற்குள் சற்று உள்தள்ளி கெர்னல் கோட், கெர்னல் டேட்டா.

4 ஜிபி எல்லைக்குக் கொஞ்சம் கீழேதான் நான் தேடிவந்த நெட்வொர்க் கார்டு. ஒரே முகவரி வரம்பு, இரண்டு வரிகள். வெளி வரியில் பிசிஐ எண், உள்வரியில் இ1000 என்ற டிரைவரின் பெயர். அளவு 128 கேபி. இந்த அளவைக் கெர்னல் கார்டிடமே கேட்டு வாங்குகிறது: பேஸ் அட்ரஸ் ரெஜிஸ்டரில் எல்லா பிட்டிலும் 1 எழுதித் திரும்பப் படிக்கும். வகையைச் சொல்லும் கடைசி 4 பிட்டுகளையும் 0 என்றே கொண்டால், இந்தக் கார்டில் கீழ் 17 பிட்டுகள் 0. இரண்டின் 17-ஆம் அடுக்கு 1,31,072 பைட். அழகான தந்திரம்!

டிரைவரை ஆர்எம்மாட் கொடுத்துக் கழற்றினேன். (எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்தவர்கள் இதைச் செய்ய வேண்டாம், தொடர்பு போய்விடும்.) உள்வரி மறைந்தது, வெளி வரி அப்படியே நின்றது. மாட்ப்ரோப் கொடுத்ததும் இ1000 திரும்பி வந்தது.

அந்த உள்வரியை எழுதுவது ரிக்வெஸ்ட் மெம் ரீஜியன் வகை அழைப்பு. அந்த இடத்தை வேறு டிரைவர் ஏற்கெனவே எடுத்திருந்தால் அது மறுத்துவிடும். ஆனால் இது பட்டா மாதிரி. பேர் பதிவாகுமே தவிர, வேலி போடாது. சாதனத்தைத் தொட ஐஓரீமேப் என்ற இன்னோர் அழைப்பு வேண்டும். பட்டா இருக்கிறதா என்று ஐஓரீமேப் கேட்பதில்லை. பதியாமலே உள்ளே நுழைந்து எழுதும் டிரைவர் இந்தப் பட்டியலில் தெரியாது. இரண்டு பேர் ஒரே ரெஜிஸ்டரில் எழுதினால் யார் கெடுத்தார் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. 1999 முதல் இருந்துவரும் இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான்.

பிளாட்பார்ம் டிரைவர் எழுதுகிறவர்கள் ஐஓரீமேப்பை நேராக அழைக்காதீர்கள். டெவ்எம் ஐஓரீமேப் ரிசோர்ஸ் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. டிரைவர் கழலும்போது தானே விடுவித்தும்விடுகிறது.