ஈயக் கம்பியின் கனம்

நண்பரின் மகனுக்கு வாங்கெல் இன்ஜின் பைத்தியம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, மூன்று மூலை ரோட்டர் ஒன்று இடுப்பு ஒடுங்கிய கூட்டுக்குள் உருண்டுகொண்டே இருக்கும், அவ்வளவுதான் இன்ஜின் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்குவான். 1991-ல் மாஸ்டா 787பி கார் அந்த ரகத்தை வைத்து லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த கதையை எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறான். பழையது ஒன்றை வாங்கிப் பிரித்துக் கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. கள்ளக்குறிச்சியில் அதற்கு எங்கே போவது? பெங்களூர் என்.ஏ.எல். ஆய்வகம் ஆளில்லா விமானத்துக்காக 55 குதிரைத்திறனில் ஒரு வாங்கெல் இன்ஜினை உருவாக்கியது உண்டு. ஆனால் அது பழைய இரும்புக் கடைக்கு வந்து சேரும் சரக்கு அல்ல. கடைசியில் அவனுக்குக் கிடைத்தது எடைக்குப் போட்டிருந்த 5 குதிரைத்திறன் ஆயில் இன்ஜின். கிர்லோஸ்கர் ஏ.வி.1, ஒற்றை சிலிண்டர். "நீ இதெல்லாம் எழுதுவியே, வந்து பாரு" என்று நண்பர் கூப்பிட்டார்.

பட்டறை கச்சிராயபாளையம் சாலையில் இருக்கிறது. பட்டறை என்றால் முன்னால் தகரக் கொட்டகை, உள்ளே ஒரு லேத், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் கேஸ்கட்டுகள். மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர். பையன் வாங்கெல் புராணத்தை அவரிடமும் ஆரம்பித்தான். ஒரு போல்ட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டவர், "அந்த மூணு மூலையிலயும் காத்து ஒழுகாம இருக்க என்ன வெச்சிருக்கான்?" என்றார். சின்னப் பட்டையாக ஒரு சீல் இருக்கும் என்றான் பையன். "அப்ப அதுக்கும் ரிங்குதான் நோவு" என்று சொல்லிவிட்டு அடுத்த போல்ட்டுக்குப் போய்விட்டார். மாஸ்டாவின் பொறியாளர்கள் 1960-களில் தலையைப் பிய்த்துக்கொண்டது அந்த சீலால்தான். அது அதிர்ந்து கூட்டின் சுவரில் போட்ட கீறல்களுக்கு 'பிசாசின் நகக்கீறல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். வாங்கெல் இன்ஜினைப் படத்தில்கூடப் பார்த்திராத மனிதர், எங்கே நோகும் என்று ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார்.

ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவச் சொன்னார். மேலே, முதல் ரிங் திரும்பும் இடத்தில், ஒரு படி நகத்தில் இடறியது. அதுவரை ரிங் உரசித் தின்ற இரும்பு அது. பிறகு பழைய ரிங் ஒன்றை லைனருக்குள் போட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதை நேராகத் தள்ளி, வாய் விரிந்திருந்த இடத்தில் ஃபீலர் கேஜைச் செருகினார். 80 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிலிண்டருக்கு அந்த வாய் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தால் போதும். இங்கே கேஜ் தகடுகள் கொத்தாகவே உள்ளே போயின. "இப்படி வாயைப் பொளந்துகிட்டு இருந்தா காத்து எங்கிருந்து நிக்கும்?" டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு மடங்குக்கு மேல் நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைப்பதுதான் முழு சூட்சுமம். காற்று ஒழுகினால் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள் இறங்குமே தவிர, இன்ஜின் பிடிக்காது.

இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் வேலையை அவர் எனக்கு இருமுறை விளக்கினார்; எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் ஓடும் வழியைச் சுரண்டிச் சுத்தம் செய்த பகல் முழுக்க நான் டீக்கடையில் இருந்தேன். கிராங்க் கிரைண்டிங் வேறு கடையில் நடந்தது. நான் நகராமல் உட்கார்ந்து பார்த்தது ஈயக் கம்பி வேலையைத்தான்.

புது லைனர், புது பிஸ்டன் ஏறிவிட்டன. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கும் ஹெட்டுக்கும் நடுவே எவ்வளவு சந்து இருக்கிறது? இதை பம்பிங் கிளியரன்ஸ் என்கிறார்கள். மூடிவிட்டால் கண்ணாலும் பார்க்க முடியாது, கேஜும் நுழையாது. பெரியவர் டப்பாவிலிருந்து பழைய ஃபியூஸ் கம்பித் துண்டுகளை எடுத்தார். பிஸ்டன் தலையில் கொஞ்சம் கிரீஸைத் தொட்டு, எதிரெதிராக இரண்டு துண்டுகளை ஒட்டினார். ஹெட்டை வைத்து நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினார். பிளைவீலைக் கையால் மெதுவாக ஒரு சுற்று. உச்சியில் லேசான பிகு தெரிந்தது, கடந்துவிட்டது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, தகடாக நசுங்கிப்போன ஈயத்தை மைக்ரோமீட்டரில் பிடித்து, அதைப் பையனிடம் கொடுத்து, "நீ படி" என்றார். ஒன்றரை மில்லிமீட்டர். வேண்டியது ஒன்றுக்குப் பக்கத்தில். சிலிண்டருக்கு அடியில் இருந்த பேக்கிங் தகடுகளில் சிலதை உருவினார். மறுபடி கம்பி, மறுபடி ஹெட், மறுபடி நட்டு.

அரை மில்லிமீட்டருக்கு இத்தனை பாடா என்று பையன் முணுமுணுத்தான். அன்று ராத்திரி நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 553 சி.சி. இன்ஜினில் அந்த அரை மில்லிமீட்டர் அழுத்த விகிதத்தில் ஏறக்குறைய ஒன்றைத் தின்றுவிடுகிறது. பெரியவர் எட்டாவதோடு பள்ளியை விட்டவர். பாலிடெக்னிக் பரீட்சைத் தாளில் வருகிற அந்தக் கணக்கை ஈயத்தில் நசுக்கிக் கையில் கொடுக்கத் தெரிந்தவர்.

எழுபதுகளின் கடைசியில், மண்ணெண்ணெயில் சாமான் கழுவும் பையனாக அவர் தொழிலுக்கு வந்தார். சமவெளியில் கிணற்றுக்கு ஒரு ஆயில் இன்ஜின் புகைந்துகொண்டிருந்த காலம். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. கரண்டு கம்பி வந்த கிணறுகளில் இன்ஜின் எடைக்குப் போனது. கூட வேலை பார்த்தவர்கள் மோட்டார் காயில் கட்டப் போய்விட்டார்கள். "எனக்கு ஓசை கேக்கணும் சார். மோட்டாரு ஊமை மாதிரி ஓடுது" என்கிறார். அவரை இந்தத் தொழிலில் நிறுத்தி வைத்தது கல்வராயன் மலை. மேலே ஓடைத் தண்ணீரை இறைக்க இன்னும் டீசல் இன்ஜின் வேண்டும். பட்டா இல்லாத நிலத்துக்குக் கரண்டு கேட்டு யாரிடம் நிற்பது? 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, அங்கே சாலையும் மருத்துவமும் என்ன லட்சணத்தில் இருக்கின்றன என்று அரசைக் கேட்டது. அத்தனை பேர் செத்த பிறகு கேட்டார்கள்.

பெரியவரோடு ஒருநாள் வெள்ளிமலைக்குப் போனேன், கடன் வசூலுக்கு. கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏறினால் மரவள்ளிக் கொல்லைகள். மலைக்காரர்கள் கையில் காசு புழங்குவது கிழங்கு வெட்டும்போது மட்டும்தான். அதனால் ரிங் மாற்றினாலும் நாசில் மாற்றினாலும் கணக்கு நோட்டில் 'கிழங்குக்கு' என்றுதான் எழுதுகிறார். அன்று போன முதல் வீட்டிலேயே, "இந்த வருசம் பாயிண்ட்டு கம்மியாப் போட்டுட்டான் மெக்கானிக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார் வீட்டுக்காரர்.

பாயிண்ட் என்பது கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவு. மாதிரிக் கிழங்கை எடைபோட்டு, நீரில் அமிழ்த்தி மறுபடி எடைபோட்டுக் கணிப்பார்கள். விலை அதில்தான் நிற்கிறது. சோதனையில் குற்றமே இல்லை, பள்ளிக்கூட ஆர்க்கிமிடீஸ்தான். நடப்பது எங்கே என்பதுதான் கேள்வி. கிழங்கு லாரி ஏறி ஆத்தூர், சேலம் பக்கத்து மில்லுக்குப் போய்விடுகிறது. பாயிண்ட் போனில் வருகிறது, தரகர் வாய்வழியாக. நட்டபோதே அவரிடம் முன்பணம் வாங்கியாயிற்று. எதிர்த்து என்ன கேட்பது? "மில்லுக்குப் போயி நீங்க பாத்ததுண்டா?" என்றேன். வீட்டுக்காரர் சிரித்தார். "போனா பஸ்சுக்கே ஒரு மூட்டை போயிடுமே சாமி."

எனக்குக் கோபம் அங்கேதான் வந்தது. பட்டறையில் ஒரு மனிதர் அரை மில்லிமீட்டருக்காக ஹெட்டைத் திரும்பத் திரும்பக் கழற்றி, நசுங்கிய ஈயத்தை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்து நீயே படி என்கிறார். அவருக்குச் சேர வேண்டிய கூலியோ, விளைவித்தவன் கண்ணால் பார்க்காத ஓர் அளவில் தொங்குகிறது. தரகர் எல்லாரும் திருடர் என்று நான் சொல்ல வரவில்லை. வங்கி தராத பணத்தை வீட்டு வாசலில் வந்து தருகிறவர் அவர்தான். ஆனால் கடன் கொடுத்தவரே அளவையும் சொல்வாரென்றால் அதற்குப் பெயர் வியாபாரம் இல்லை. பழங்குடியினருக்கென்று மலையில் லேம்ப் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அங்கே ஒரு தராசும் ஒரு தொட்டியும் வைத்து, கிழங்கு லாரி ஏறுமுன் பாயிண்ட் பார்த்துச் சீட்டு கொடுத்தால் போதும். ராக்கெட் விடும் காரியமா இது?

இன்ஜின் கடைசியில் ஓடியது. டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பையன் ஹேண்டிலைச் சுற்றினான். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்கச் சொல்லி பெரியவர் அதட்டினார்; இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போய்விடுமாம். வேகம் ஏறியதும் லிவரை விட்டான். கரும்புகை, அப்புறம் வெள்ளைப் புகை, அப்புறம் புகையே தெரியவில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரின் நுனியை கிராங்க் கேஸில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார் பெரியவர். டேப்பட் கொஞ்சம் பேசுகிறது, சூடானதும் ஒருமுறை பார்க்கணும் என்றார்.

அதைப் பையன் சேராப்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவருக்கே விற்றுவிட்டான். பாதிப் பணம் வந்தது. மீதி பெரியவரின் நோட்டில், 'கிழங்குக்கு' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. எத்தனை பாயிண்ட் போடுகிறார்களோ, அதைப் பொறுத்து வரும்.