சொல்லும் விலை

என்னுடைய ஸ்ப்ரெட்ஷீட்டில் விலைக்கு இரண்டு நெடுவரிசைகள் இருந்தன. ஒன்றின் தலைப்பு ‘விலை’. பக்கத்தில் இருந்ததன் தலைப்பு ‘சொல்லும் விலை’. முதலாவது நான் கொடுத்த பணம். இரண்டாவது, வீட்டில் கேட்டால் சொல்வதற்கு. முதலாவதன் கூட்டுத்தொகை 96,800. இரண்டாவதன் கூட்டுத்தொகை 45,000. இரண்டுக்கும் ஃபார்முலா போட்டிருந்தேன். பொய்யாக இருந்தாலும் கணக்கு இடிக்கக் கூடாது என்று நினைக்கிற ஆள் நான்.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் வேலை. பத்து வருஷமாக நாற்காலி, 84 கிலோ எடை, வீட்டுக்கடன். ஐந்து வருஷமாக ஒரு அலுமினிய மவுன்டன் பைக் வைத்திருந்தேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு அதைக் காரில் ஏற்றிக்கொண்டு கோத்தகிரிப் பக்கம் போய், தேயிலை எஸ்டேட்டுகளுக்கு நடுவே ஓடும் மண்பாதைகளில் ஓட்டிவிட்டு வருவேன். ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் கூட வந்த நண்பரின் கார்பன் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தேன். அதோடு என் சைக்கிள் பழசாகிவிட்டது.

பிராண்ட் கம்பெனிகளின் கார்பன் சைக்கிள் லட்சங்களில் ஆரம்பிக்கும். அதற்கு ஒரு மாற்று வழி உண்டு. சீனாவின் சியாமென் நகரத்தைச் சுற்றி கார்பன் ஃப்ரேம் செய்யும் தொழிற்சாலைகள் நிறைய இருக்கின்றன. பெயர் எழுதாத ஃப்ரேமை மட்டும் அங்கிருந்து வரவழைத்து, மற்றதை நாமே ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம். மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக அதைத்தான் படித்தேன். பக்கத்தில் அவள் பத்தாம் வகுப்பு கணக்குப் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பாள். நானும் அவளும் காலேஜில் ஒரே வகுப்பு. நான் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டேன், அவள் ஸ்கூலுக்குப் போய்விட்டாள். வீட்டுச் செலவு அவள் டைரியில் இருக்கும். அந்த வருஷம்தான் டைனிங் டேபிள் வாங்கலாம் என்று பேச்சு வந்து, “அடுத்த வருஷம் பாத்துக்கலாம், இப்ப இஎம்ஐ இடிக்குது” என்று அவளே தள்ளிவைத்தாள். அதற்கு அடுத்த வாரம் ஃப்ரேமுக்குப் பணம் கட்டினேன். கப்பல் செலவு, சுங்கவரி எல்லாம் சேர்த்து 38,000. அவளிடம் 15,000 என்றேன். இரண்டாவது நெடுவரிசை அன்றைக்குப் பிறந்தது.

சைக்கிள் கட்டுவது என்றால் பிடித்த பாகங்களைப் பொறுக்கிப் பூட்டுவது என்று நினைத்திருந்தேன். இறங்கிப் பார்த்தால் அது நம்ம ஆபீஸ் வேலை மாதிரியே இருந்தது. ஒரு லைப்ரரியை அப்டேட் செய்யப் போனால் ஒன்பது லைப்ரரிகள் உடையுமே, அந்தக் கதை. பழைய சைக்கிளின் சக்கரங்களையே மாட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பழைய பின்சக்கரத்து ஹப்பின் அகலம் 135 மி.மீ. புது ஃப்ரேம் ‘பூஸ்ட்’ அளவு, அதாவது 148 மி.மீ., குறுக்கே 12 மி.மீ. தடிமனில் அச்சு. பழைய சீட் போஸ்ட் 30.9, புது ஃப்ரேமின் துளை 31.6. அரை நூலுக்கும் குறைவான வித்தியாசத்தில் ஒரு நல்ல சீட் போஸ்ட் பரணுக்குப் போனது.

கியர் கதை இன்னும் சுவாரசியம். ஷிமானோவின் 12 ஸ்பீட் டியோர் செட்டில் பின் கேசட்டின் சின்னப் பல்சக்கரத்துக்கு 10 பற்கள், பெரியதுக்கு 51. அந்தப் பத்துப் பல் சக்கரம் பழைய மாதிரி ஃப்ரீஹப்பில் உட்காராது. ‘மைக்ரோ ஸ்ப்லைன்’ என்ற புது மாதிரி வேண்டும். அது இருக்கிற ஹப் விலை அதிகம். ஒரு படி இறங்கி 11 ஸ்பீட் டியோரை எடுத்தால் கேசட் 11-51, சாதாரண ஃப்ரீஹப்பே போதும். மலை ஏற்றத்துக்கு வேண்டியது அந்த 51 தான், அது இரண்டிலும் இருக்கிறது. மேலே உள்ள வேகத்தில் கொஞ்சம் போகும். 84 கிலோவை மேட்டில் தள்ளுகிறவனுக்கு அது ஒரு நஷ்டமே இல்லை. 11 ஸ்பீட் எடுத்தேன். இன்றைக்கும் அந்த முடிவில் எனக்குப் பெருமை உண்டு.

பாட்டம் பிராக்கெட்டிலும் புத்தியாகத்தான் நடந்துகொண்டேன். கிராங்க் சுழலும் பேரிங்குகளைச் சில ஃப்ரேம்களில் அப்படியே அழுத்திச் செருகுவார்கள். துளை ஒரு இழை பிசகியிருந்தாலும் மிதிக்கும்போதெல்லாம் ‘கிரீச் கிரீச்’ என்று கத்தும். பிராண்ட் இல்லாத ஃப்ரேமில் அந்த ரிஸ்க் வேண்டாம் என்று மரை போட்டுத் திருகும் பிஎஸ்ஏ வகை ஃப்ரேமாகத் தேடினேன். ஃபோர்க் பழசு, காற்று அடைக்கிற வகை, 14,000.

சக்கரங்களைக் கட்டிக்கொடுத்தது கணபதியில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். நாற்பது வருஷமாகப் பெண்டு எடுத்த கை. போக்ஸ் கம்பியை விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே எந்தக் கம்பி தளர்வு என்று சொல்லிவிடுவார். ஃப்ரேமைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“பிளாஸ்டிக்குங்களா தம்பி?”

“கார்பன்ங்ண்ணா.”

“வெல்டிங்கே காணோம்?”

கார்பன் இழைத் துணியை எபாக்சி பிசினோடு அடுக்கடுக்காக அச்சுக்குள் ஒட்டி, சூட்டில் வேகவைத்து எடுப்பார்கள் என்று விளக்கினேன். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தத் திசையில் இழை என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது. இரும்பு வளையும், அலுமினியம் நசுங்கும். கார்பன் அடிபட்டால் சில சமயம் வெளியே ஒரு கீறலும் தெரியாது, உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென ஒலிக்கும், பிரிந்த இடம் மொத்தையாக ஒலிக்கும். எல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப தேங்கா வாங்கற மாதிரிதான்” என்றார்.

போல்ட்டுகளை முடுக்க டார்க் ரெஞ்ச் கொண்டுபோயிருந்தேன். கார்பனைக் கவ்வுகிற போல்ட் பலவற்றுக்கும் 5 நியூட்டன் மீட்டர்தான் வரம்பு. கைக்கணக்கில் இன்னும் ஒரு சுற்று முடுக்கினால் குழாய் நொறுங்கிவிடும். அவர் ரெஞ்சை வாங்கி, ‘டிக்’ என்று அது சொடுக்கும் வரை முடுக்கிவிட்டுச் சிரித்தார்.

கடைசியாக மீதமிருந்தது பிரேக். அதுவரை செலவு 94,500. லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று எனக்குள் ஒரு சத்தியம். ‘சொல்லும் விலை’யில் மீதி 2,300 தான் இருந்தது. பிரேக் அவளுக்குத் தெரிந்த சாமான், அதில் இஷ்டத்துக்கு ஒரு தொகை சொல்ல முடியாது. கேபிளில் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க் செட் ஒன்று சரியாக 2,300-க்குக் கிடைத்தது. வீட்டு ஹாலில் நிறுத்தி பிரேக் பிடித்துப் பார்த்தேன். பிடித்தது.

சைக்கிளின் மொத்த எடை குறைந்ததில் ஃப்ரேமின் பங்கு 600 கிராம் இருக்கும். நான் முதுகில் சுமக்கிற தண்ணீரே அதைவிட அதிகம்.

முதல் இரண்டு ஞாயிறும் பறந்தேன். மூன்றாவது ஞாயிறு கோத்தகிரியிலிருந்து எஸ்டேட் பாதை வழியே இறங்கி மெயின் ரோட்டில் சேர்ந்து மேட்டுப்பாளையம் வரை போகலாம் என்று திட்டம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 300. நடுவில் 33 கிலோமீட்டர் ரோடு. அந்த வகை மெக்கானிக்கல் பிரேக்கில் ஒரு பக்கத்து பேட் மட்டும் நகர்ந்து டிஸ்க்கை மறுபக்கத்துப் பேடோடு அழுத்தும். பேட் தேயத் தேய லீவர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், நாமாகத் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஹைட்ராலிக்கில் ஆயில் அதைத் தானாக ஈடுகட்டிவிடும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். மூன்று மாதம் படித்தவன் நான்.

மண்பாதை முடிவதற்கு முன்பே பின் பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டது. முன் பிரேக்கில் தீய்ந்த வாசனை. அழுத்துகிறேன், வேகம் குறையவில்லை. கீழே ஒரு வளைவு, அதற்கப்பால் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். தேயிலைச் செடிகளுக்குள் திருப்பிவிட்டேன். தேயிலை பார்க்கத்தான் மெத்தை மாதிரி இருக்கும், உள்ளே முழுக்கக் கட்டை.

எழுந்ததும் முதலில் என்ன செய்தேன் என்பதை எழுதியாக வேண்டும். பையிலிருந்து இரண்டு ரூபாய் நாணயத்தை எடுத்து ஃப்ரேமைத் தட்டிப் பார்த்தேன். கணீரென்று கேட்டது. அப்புறம்தான் முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்தேன்.

வீட்டில் பஞ்சை டெட்டாலில் நனைத்துக்கொண்டே கேட்டாள்.

“எப்படி ஆச்சு?”

“பிரேக் புடிக்கல.”

“எவ்வளவுக்கு வாங்கின?”

“ரெண்டாயிரத்து முந்நூறு.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்த ஷீட்டக் காட்டு” என்றாள். அப்படி ஒன்று இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாய் வரவில்லை. பத்து வருஷம் கூட இருக்கிறவளுக்கு நான் எதற்கெல்லாம் ஷீட் போடுவேன் என்று தெரியாதா? லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். பேப்பர் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். ஃப்ரேம் 38,000, 15,000. ஃபோர்க் 14,000, 6,000. சக்கரம் 13,000, 6,000. டயர் 5,000, 3,000. கடைசி வரியில் விரல் நின்றது.

“பிரேக்குக்கு மட்டும் ரெண்டு பக்கமும் ஒரே தொகை போட்டிருக்க?”

“அது நெஜமாவே அவ்வளவுதான்.”

“அப்ப எனக்காகக் குறைச்ச ஒரே சாமான் இதுதானா?”

டேபிளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். மூன்று நாள் ‘சாப்பாடு இருக்கு’, ‘கதவச் சாத்திக்கோ’ தவிர வேறு பேச்சில்லை.

அந்த மூன்று நாளில் ஷீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சைக்கிள்காரர்கள் மத்தியில் கீத் பான்ட்ரேகர் சொன்னதாக ஒரு விதி உலவுகிறது. உறுதி, எடைக்குறைவு, மலிவு, இந்த மூன்றில் எந்த இரண்டு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம், மூன்றும் கிடைக்காது. அதை நான் மூன்று மாதமும் யோசித்தேன். மலிவுக்கான விலையை எந்தப் பாகம் கட்டப்போகிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. கியரில் மிச்சம் பிடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. மட்டமான கியர் விழுந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். மட்டமான சீட் உட்காருகிற இடத்தில் வலிக்கும், அவ்வளவுதான். பிரேக், டயர், ஹேண்டில்பார் மூன்றும் விட்டுப்போனால் இறங்க நேரம் இருக்காது. சைக்கிள் கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த மூன்றையும் முதலில் வாங்குங்கள், மிச்சத்தில் ஃப்ரேம் பாருங்கள். அலுமினியத்தில் வந்து நின்றால் நிற்கட்டும். நான் தலைகீழாக வாங்கினேன். பார்க்கிறவர் கண்ணில் படுகிற சாமானுக்கு முதலில், உயிரைப் பிடித்திருக்கிற சாமானுக்குக் கடைசியில்.

நாலாம் நாள் ராத்திரி அவளே ஆரம்பித்தாள். “நல்ல பிரேக் எவ்வளவு?”

ஷிமானோவில் அடிமட்ட ஹைட்ராலிக் செட் 6,400. முன்பக்கம் 180 மி.மீ. டிஸ்க்கும் அதற்கான அடாப்டரும் 1,900. பழைய பிரேக்குக்குப் போட்ட காசு போனது போனதுதான்.

“லட்சம் தாண்டிரும்” என்றேன்.

“தாண்டட்டும். தாண்டுச்சுன்னு எழுது.”

‘சொல்லும் விலை’ நெடுவரிசையை அழித்தேன். ஷீட்டை அவளுக்கும் பகிர்ந்தேன். மொத்தம் 1,05,100.

புது பிரேக்கை நானே மாட்டினேன். ஹோஸை அளந்து வெட்டும்போது அவள்தான் டார்ச் பிடித்தாள், வேறெதுவும் பேசாமல். அடுத்த ஞாயிறு அதே பாதையில் இறங்கினேன். ஒரு விரல் போதுமாக இருந்தது. நான் உருண்ட செடிகளில் ஒடிந்த கிளைகள் இன்னும் அப்படியே தொங்கின.

சாயங்காலம் அன்றைய பெட்ரோல் செலவை ஏற்ற ஷீட்டைத் திறந்தபோது, மொத்தத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. ‘டைனிங் டேபிள்’. எதிரே தொகை போடவில்லை. தரையில் தட்டை வைத்துக்கொண்டே, “சாப்பிட வா” என்றாள்.