சாட்சியம் பாடநூலானபோது

பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தைச் சேர்ந்த யூனிகாம்ப் பல்கலைக்கழகம், தன் நுழைவுத்தேர்வுக்குரிய புதிய வாசிப்புப் பட்டியலை 2018இல் அறிவித்தது. அதன் கவிதைப் பிரிவில், பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துகீசியக் கவிஞர் கமோய்ன்ஸின் சானெட்டுகளோடு ஒரு ராப் இசைத்தொகுப்பும் இடம்பெற்றது. ரசியோனைஸ் எம்.சி.ஸ் குழு 1997இல் வெளியிட்ட 'சோப்ரெவிவெந்தோ நோ இன்ஃபெர்னோ'வே அது. 'நரகத்தில் உயிர்த்திருத்தல்' என்பது அத்தலைப்பின் பொருள்.

மானோ பிரவுன், ஐஸ் ப்ளூ, எடி ராக், கே.எல். ஜே ஆகிய நான்கு கறுப்பின இளைஞர்கள் 1980களின் இறுதியில் உருவாக்கிய குழு இது. முதலிருவர் சாவோ பாவ்லோ நகரின் தென்விளிம்பிலிருந்தும் மற்ற இருவர் வடபகுதியிலிருந்தும் வந்தவர்கள். பெரிய இசை நிறுவனங்களை நம்பாமல், தங்கள் சொந்த வெளியீட்டகத்தின் மூலமே இத்தொகுப்பைக் கொண்டுவந்தனர். வெகுசன ஊடகங்களிலிருந்து பெரிதும் விலகி நின்றபோதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றதாக மதிப்பிடப்படுகிறது.

தொகுப்பின் மையத்தில் நிற்பது 'டியாரியு டெ உம் டெட்டென்டோ', அதாவது 'ஒரு கைதியின் நாட்குறிப்பு'. 1992 அக்டோபர் 2 அன்று சாவோ பாவ்லோவின் கரந்திரு சிறைக்குள் புகுந்த இராணுவக் காவல்படை 111 கைதிகளைக் கொன்றது. அச்சிறையில் கைதியாக இருந்த ஜோசெனிரும் மானோ பிரவுனும் இணைந்து எழுதிய இப்பாடல், படுகொலைக்கு முந்தைய நாளில் தொடங்கி, உயிர் தப்பிய ஒருவனின் குரலில் நகர்கிறது. தன் வாக்குமூலத்தை யார் நம்பப்போகிறார்கள் என்னும் ஐயத்தோடு அது முடிகிறது. அரசு ஆவணங்களில் எண்ணிக்கையாக எஞ்சியோருக்கு இப்பாடல் பெயரற்றதொரு தன்னிலையைத் தந்தது.

இதே தொகுப்பின் இன்னொரு பாடல் சில புள்ளிவிவரங்களோடு தொடங்குகிறது. பிரேசிலியப் பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர்கள் எத்துணை அரிது என்பது அவற்றுள் ஒன்று. எனவே, இத்தொகுப்பைப் பாடமாக ஏற்கும் எந்தப் பல்கலைக்கழகமும் தன்மீதான குற்றச்சாட்டையும் சேர்த்தே ஏற்கிறது. இவ்விடத்தில் கால வரிசை முக்கியமானது. கூட்டாட்சி அரசின் கல்வி நிறுவனங்களுக்கான இடஒதுக்கீட்டுச் சட்டம் 2012இல் வந்தது. மாநிலப் பல்கலைக்கழகமான யூனிகாம்ப் அதற்கு உட்பட்டதன்று. கறுப்பின இயக்கங்களும் மாணவர்களும் நடத்திய நீண்ட போராட்டத்திற்குப் பின், 2017இல்தான் அது இனவாரி இடஒதுக்கீட்டுக்கு ஒப்புதல் அளித்தது. இசைத்தொகுப்பு பாடமானது அதற்கு மறு ஆண்டு. விளிம்பின் மக்களுக்கு வாயிலை அடைத்துவிட்டு அவர்களின் குரலை மட்டும் பாடத்திட்டத்தில் சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கே அக்குரல் காட்சிப்பொருளாகும். யூனிகாம்ப்பில் மாணவருக்கான இருக்கை முதலில் வந்தது, பாடநூல் பின்னர் வந்தது. இந்த வரிசையே அச்சேர்க்கைக்குப் பொருள் தருகிறது.

2022 நவம்பரில் குழுவினர் அதே பல்கலைக்கழகத்தில் மாணவர்முன் திறந்த வகுப்பொன்றை நடத்தினர். 2023இல் அவர்களுக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்க ஒப்புதல் அளிக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே வேறொன்று நடந்தது. கரந்திரு வழக்கில் 2013, 2014 ஆண்டுகளில் காவலர் பலர் தண்டிக்கப்பட்டிருந்தனர். மேல்முறையீடுகளில் அத்தீர்ப்புகள் பல ஆண்டுகள் அலைக்கழிந்தன. 2022 டிசம்பரில், பதவி விலகவிருந்த குடியரசுத் தலைவர் பொல்சொனாரோ அவர்களுக்கு மன்னிப்பு வழங்கும் ஆணையைப் பிறப்பித்தார்.

கைதியின் வாக்குமூலத்தை வகுப்பறை நம்பிய அதே பருவத்தில் அரசு அதனைப் புறந்தள்ளியது. ஒரு சமூகத்தின் துயரம் இலக்கியமாக அங்கீகரிக்கப்படுவது அதற்கு நீதி கிடைப்பதாகாது. நீதி தாமதிக்கும் காலத்தில் நினைவு அழியாமல் காக்கும் இடங்களுள் ஒன்றாகப் பல்கலைக்கழகம் இருக்க முடியும். தேர்வுக்காக அந்நாட்குறிப்பை வாசித்த இளைஞர்கள் எவ்வகைச் சாட்சிகளாக வளர்ந்தனர் என்பதே இனி ஆராயப்பட வேண்டியது.