விரல் சூடு

மூட் ரிங் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடனே தெரியும். திருவிழாக் கடைகளிலும் ஃபேன்ஸி ஸ்டோர்களிலும் கிடைக்கிற, நிறம் மாறும் மோதிரம். கூடவே ஒரு சின்ன அட்டை தருவார்கள். நீலம் என்றால் அமைதி, ஊதா என்றால் காதல், பச்சை என்றால் இயல்பு நிலை, மஞ்சள் என்றால் பதற்றம், கறுப்பு என்றால் மன அழுத்தம். கடைக்குக் கடை இந்தப் பட்டியல் கொஞ்சம் மாறும். அந்த மோதிரத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கோபமெல்லாம் அந்த அட்டையின் மேல்தான்.

மோதிரத்தில் இருப்பது பெரும்பாலும் கல்லே அல்ல. மேலே கண்ணாடி மூடி, அதன் அடியில் மெல்லிய படலமாகத் திரவப் படிகம், அதற்கும் அடியில் கறுப்புப் பூச்சு. இந்தத் திரவப் படிகத்தை முதலில் கவனித்தவர் ஒரு தாவரவியலாளர். 1888-ல் பிராக் நகரில் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர் கொலஸ்டிராலிலிருந்து கிடைத்த ஒரு பொருளைச் சூடாக்கினார். அது இரண்டு முறை உருகியது. 145.5 டிகிரி செல்சியஸில் கலங்கிய திரவமானது, 178.5 டிகிரியில் தெளிந்தது. ஆறும்போது அதில் நீலமும் ஊதாவும் மின்னின. திகைத்துப்போய் ஓட்டோ லேமன் என்ற இயற்பியலாளருக்கு எழுதினார். ஓடுவதில் திரவம்போலவும், ஒழுங்கில் படிகம்போலவும் ஒரு பொருள் இருக்க முடியும் என்பது அப்படித்தான் உலகுக்குத் தெரிய வந்தது. நம் பக்கத்திலும் இந்தத் துறைக்கு ஒரு பெரியவர் இருந்தார். சர் சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று அவரும் அவருடைய குழுவினரும் 1977-ல் பெங்களூரிலிருந்து அறிவித்தார்கள். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர் வேறு, இவர் வேறு. இவரையும் நம் பாடப் புத்தகங்கள் சொல்ல வேண்டும்.

மோதிரத்தில் இருக்கும் வகையில் மூலக்கூறுகள் குச்சிகளைப்போல நீளமானவை. ஓர் அடுக்கில் எல்லாம் ஒரே திசை பார்த்துப் படுத்திருக்கும். அடுத்த அடுக்கு சற்றே திரும்பியிருக்கும், அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். மாடிக்குப் போகும் சுழல் படிக்கட்டு மாதிரி. ஒரு முழுச் சுற்று முடிய எவ்வளவு தூரம் ஆகிறதோ, அதற்கு ஏற்ற அலைநீளமுள்ள ஒளி மட்டும் திரும்பி வந்து நம் கண்ணில் படுகிறது. மீதி ஒளி உள்ளே போய்க் கறுப்புப் பூச்சில் மறைந்துவிடும். சூடு ஏறினால் சுற்று இறுகுகிறது. அதனால் திரும்பி வரும் ஒளி சிவப்பிலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து நீலத்துக்கும் நகர்கிறது. சாயம் ஒரு துளிகூடக் கிடையாது. குளிர்ந்துபோனால் கண்ணுக்குத் தெரியும் நிறம் எதுவும் திரும்பி வராது, அடியிலிருக்கும் கறுப்பு மட்டும் தெரியும். மன அழுத்தம் என்று அட்டை சொல்லும் கறுப்புக்கு அர்த்தம் இவ்வளவுதான்.

இதை மனசோடு சேர்த்தது 1975-ல் நியூயார்க். ஜோஷ் ரெனால்ட்ஸ், மாரிஸ் அம்பாட்ஸ் என்ற இருவர் இந்த மோதிரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பான்விட் டெல்லர் என்ற பெரிய கடையில் வெள்ளி மோதிரம் 45 டாலர், தங்கம் 250 டாலர். விரைவிலேயே மலிவு நகல்கள் நாடு முழுக்கக் கிடைத்தன. அவர்கள் எதையோ இட்டுக்கட்டி விற்றார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரிலிருந்த மெனிங்கர் நிறுவனத்தில் எல்மர் கிரீன் என்பவர், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தங்கள் கைகளைத் தாங்களே சூடாக்கிக்கொள்ளப் பழக்கிக்கொண்டிருந்தார். உடல் தளர்ந்தால் கை சூடாகும் என்பது உண்மைதான். பயம் வந்தால் நரம்புகள் விரலின் சிறிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன, ரத்தம் குறைகிறது, விரல் சில்லிட்டுப் போகிறது. நேர்முகத் தேர்வுக்கு வெளியே காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

ஆனால் அதே குழாய்கள் ஏசி அறையிலும் சுருங்கும், சிகரெட் பிடித்தாலும் சுருங்கும். சூடான காபி டம்ளரைப் பிடித்தாலும் வெயிலில் நடந்து வந்தாலும் விரல் சூடாகும். சிலருக்குச் சந்தோஷத்திலும் விரல் சில்லென்றே இருக்கும். இன்னொன்றும் உண்டு. 1983-ல் பால் எக்மன், ராபர்ட் லெவன்சன், வாலஸ் ஃப்ரீசன் மூவரும் சயின்ஸ் இதழில் எழுதிய ஆய்வில், கோபத்திலும் பயத்திலும் இதயம் வேகமாகத் துடித்தது. விரல் சூடோ பயத்தைவிடக் கோபத்தில்தான் கூடுதலாக ஏறியது. அப்படியானால் கோபக்காரரின் மோதிரம் நகர்வது நீலத்தை நோக்கி. அட்டை அதை அமைதி என்கிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்றார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரியும் என்று நம்பிய மரபு நம்முடையது. சங்கப் பாட்டில் தலைவியின் வளை கழன்று விழும்போது தோழிக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. வளையை மட்டும் பார்த்து அவள் அதைச் சொல்வதில்லை. போனவன் யார், சொன்ன பருவம் வந்துவிட்டதா, இவள் எப்போது சாப்பிட்டாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எட்டு மெய்ப்பாட்டையும் சூடு, குளிர் என்ற ஒற்றைக் கோட்டில் வைத்துப் படிக்க எந்த மோதிரத்தாலும் முடியாது.

மதுரையில் சித்திரை மாதத்தில் என் அக்கா மகளின் மோதிரம் நாள் முழுக்க நீலமாகவே இருக்கும். கொடைக்கானலுக்குப் போனோம், ஏரிக்கரையில் கறுத்துவிட்டது. “சித்தி, எனக்கு ஒரு கவலையும் இல்லையே, ஏன் இப்படிக் காட்டுது?” என்றாள். குளிர் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் தனக்கு என்ன கவலை என்று தேட ஆரம்பித்துவிட்டாள். பரீட்சையா, பேசாமல் போன தோழியா என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். நன்றாக இருந்த பிள்ளைக்கு அந்த அட்டை ஒரு கவலையைக் கொடுத்துவிட்டது. வளரும் வயதில் பிள்ளைகள் தங்கள் மனசைத் தாங்களே அறியப் பழக வேண்டும். அந்த இடத்தில் ஓர் அச்சிட்ட பட்டியலை வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

மோதிரத்தைப் பிடுங்க வேண்டாம். விளையாட்டுப் பொருள் விலையில் ஒரு வெப்பமானி அது. நெற்றியில் ஒட்டிக் காய்ச்சல் பார்க்கும் பட்டையும், மீன் தொட்டியின் வெளியே ஒட்டும் பட்டையும் இதே பொருளால் ஆனவைதான். ஆசிரியர்கள் வகுப்புக்கு ஒன்று கொண்டுபோங்கள். ஜன்னலோரத்தில் ஒரு நிறம், மின்விசிறிக்கு அடியில் ஒரு நிறம், உள்ளங்கையில் பொத்திவைத்தால் ஒரு நிறம் என்று பிள்ளைகளே எழுதி வைக்கட்டும். அட்டையைக் கொடுக்காதீர்கள். கை கழுவும்போது மட்டும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் புகுந்தால் படிகம் கெட்டுவிடும், பிறகு மோதிரம் நிறம் மாறவே மாறாது.